அண்ணன் மேல் கசப்பை வைத்துக்கொண்டு தேவாரம் பாடலாமா?

மாயவரத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 54. திங்கட்கிழமைதோறும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருமுறை ஓதக் கூடுவோம். பன்னிரண்டு, பதின்மூன்று பெண்கள். குரல் சுமார்தான், ஆனால் பண் தப்பாமல் பாடுவேன். பிரச்சினை என்னவென்றால், ஏழு வருடமாக நான் பாட உட்கார்ந்தால் சாமி முகம் வருவதில்லை. அண்ணன் முகம்தான் வருகிறது.

2015 ஐப்பசி, கடைமுழுக்கு அன்று விடியற்காலை. ஐப்பசிக் கடைசி நாள் காவிரியில் முழுகுவோமே, அந்த நாள். காவிரிக்குக் கிளம்பிய அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. மறுநாள் முடவன் முழுக்கு, அன்றைக்குத்தான் ஆபரேஷன். கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத முடவனுக்காகச் சாமி ஒரு நாள் தள்ளி அருள் கொடுத்த ஊர் எங்கள் ஊர். என் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவே இல்லை. 2018 ஆடியில் போய்ச் சேரும் வரை இரண்டே முக்கால் வருடம் என் வீட்டுக் கூடத்துக் கட்டிலில்தான் கிடந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டச் சொன்னபோது அம்மா படுத்தபடியே கழுத்திலிருந்த ஆறு பவுன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி என் கையில் கொடுத்தாள். அடகு வைத்ததில் 85,000 ரூபாய் வந்தது. மீதியை என் வீட்டுக்காரர் பி.எஃப்.பில் எடுத்தார். சென்னையில் இருக்கும் அண்ணன் முதல் நான்கு மாதம் பணம் அனுப்பினான். (மரியாதையாக 'அனுப்பினார்' என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை.) அப்புறம் நின்றுவிட்டது. டயப்பர், மாத்திரை, பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்குச் சம்பளம் என்று போனதில் சங்கிலியை மீட்க முடியவில்லை. வட்டி ஏறி, நோட்டீஸ் வந்து, ஏலத்தில் போய்விட்டது. அதை அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் அம்மா வீட்டில் நடந்தது. முடிந்து பந்தி. நான் ரசம் ஊற்றிக்கொண்டு வருகிறேன். அண்ணன் இலையில் உட்கார்ந்தபடி பக்கத்திலிருந்த சித்தப்பாவிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா சங்கிலி எங்கே போச்சுன்னு பார்த்துக்கிட்டவங்களுக்குத்தான் தெரியும்" என்றான். வரிசையில் இருபது பேர் இருப்பார்கள். ஒருவரும் நிமிரவில்லை. இலையைப் பார்த்தபடியே பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் இலையில் ரசம் ஊற்றினேன். அடுத்த இலையில் ஊற்றினேன். வரிசை முடியும் வரை ஊற்றினேன். வாளி காலியானதும் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அம்மா விழுந்த அதே இடம்.

அப்புறம் வீட்டுப் பங்கு பேச்சு வந்தது. "எனக்கு ஒரு செங்கல் கூட வேண்டாம்" என்று ரோஷத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதில் வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் என் தூக்கம் கெடுவது அதனால் இல்லை.

அடகுச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என்றைக்காவது அவன் முகத்துக்கு நேராகப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தேவாரப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. கார்பன் காப்பி, எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. தேதியும் '48 கிராம்' என்பதும் மட்டும் தெரிகிறது. திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்தால் பதிகத்துக்கு முன்னால் அதுதான் கண்ணில் படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் நாணயமாக இருக்காது. மூன்று வருடம் முன்பு, தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு மிளகு தீபம் போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, உங்களுக்கே புரியும். போன வருடம் அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்று செய்தி வந்தது. அப்போது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு இனிப்பு இறங்கியது பாருங்கள், அந்த மாதிரி இனிப்பு எனக்குச் சாமி கும்பிடும்போது கூட வந்தது இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன்.

எங்கள் மன்றத்து அக்கா ஒருவரிடம் சொன்னேன். "திலகவதியார் தம்பி அப்பரை ஏற்றுக்கொள்ளவில்லையா?" என்றார். ஏற்றுக்கொண்டார்தான். ஆனால் அது தம்பி. அதுவும் சூலை என்ற கொடிய வயிற்று வலியோடு திருவதிகைக்கு வந்து காலில் விழுந்த தம்பி. என் அண்ணன் ஒரு தடவை கூட "அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொன்னதில்லை.

இப்போது தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், சென்னையில். பத்திரிகை கூரியரில் வந்தது. அண்ணன் போனில் பேசியது ஒரே வார்த்தை: "வந்துடு." ஆனால் அந்தப் பெண் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, நீங்க வரலைன்னா நான் மேடையில சிரிக்க மாட்டேன்" என்கிறாள். நான் தூக்கி வளர்த்த குழந்தை அது.

போக வேண்டுமா என்பது ஒரு கேள்வி. அதைவிட, நெற்றியில் திருநீறும் நெஞ்சில் இதுவுமாக நான் பாடுவது பாட்டுதானா? கசப்பை விடு என்கிறார்கள். எப்படி விடுவது என்று யாரும் சொல்வதில்லை.

சேலம் கார்த்தி:

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். 'பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று' என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் போங்கள், மொய் எழுதுங்கள், சாப்பிடுங்கள், வந்துவிடுங்கள். அவர் பேசினது அவர் கர்மா.

மாயவரத்துக்காரி:

தம்பி, அந்தக் குறளை நானும் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். பொறுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறக்கிறதற்கு ஏதாவது மாத்திரை இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

சிவாயநம அம்மா. சீர்காழிப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரியபுராண வகுப்பு எடுக்கிறேன், முப்பது வருடமாக.

முதலில் திலகவதியார் விஷயம். அந்தக் கதையை உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். சூலை வந்ததும், அப்போது சமணராக இருந்த மருள்நீக்கியார் (அப்பரின் இயற்பெயர்) ஆள் அனுப்பி, தன் நிலைமையைச் சொல்லி, பிழைக்க வழி கேட்டு வரச் சொல்கிறார். அந்த அம்மையார் சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்கிறார். 'நன்றறியார் அமண்பாழி நண்ணுகிலேன்' என்பது சேக்கிழார் வாக்கு. இரக்கம் இருந்தது, ஆனால் போகவில்லை. தம்பிதான் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து வந்தார். ஆகவே அந்தக் கதையை வைத்து யாரும் உங்களை நெட்டித் தள்ள முடியாது.

உங்களுக்கு உரிய கதை வேறு. அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான ஏயர்கோன் கலிக்காமர். பெரியபுராணத்தில் அவர் புராணம் நானூறு பாட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி சுந்தரர் கதையாகவே போய்விடுவதால் இவருடைய கோபம் கடைசியில்தான் வரும், நிறைய பேர் அங்கே வருவதற்குள் களைத்துவிடுவார்கள்.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டு ஆரூருக்குத் திரும்புகிறார். அங்கே இருந்த முதல் மனைவி பரவையார் கதவை அடைத்துவிட்டார். சுந்தரர் இறைவனையே தூது அனுப்புகிறார், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ராத்திரியில் திருவாரூர்த் தெருவில் சிவபெருமான் நடக்கிறார், ஒருவருடைய ஊடல் தீர்க்க. இதைக் கேள்விப்பட்டுக் கலிக்காமருக்குப் பற்றிக்கொண்டது. ஆண்டவனை ஏவல் ஆள் மாதிரி அனுப்பினவனை நான் கண்ணால் பார்ப்பதா என்று. அவருக்குச் சொந்த லாபம், நஷ்டம் ஒன்றும் கிடையாது. சாமிக்காகக் கோபப்பட்டார்.

இறைவன் என்ன செய்தார்? கோபம் தப்பு என்று உபதேசம் செய்யவில்லை. கலிக்காமருக்குச் சூலை நோயைக் கொடுத்தார். "வன்தொண்டன் வந்தால்தான் தீரும்" என்றார். வன்தொண்டன் என்றால் சுந்தரர்தான். எனக்கு எப்போதும் இந்த இடம்தான் ஆச்சரியம். எவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாரோ அவன் கையில் மருந்து. கலிக்காமரோ, பரம்பரையாக உனக்கே அடிமைப்பட்ட என் வயிற்று வலியைத் தீர்க்க அவன்தானா கிடைத்தான், இது என்னைக் கொல்லட்டும் என்கிறார். சுந்தரர் வருகிறார் என்று செய்தி வந்ததும், அவன் வந்து தீர்ப்பதற்கு முன் நானே தீர்த்துக்கொள்கிறேன் என்று உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்துப் போகிறார்.

அம்மா, கசப்பைப் பற்றி இதைவிடக் கொடூரமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அது ஒரு நாயனார் கதையில் இருக்கிறது. திருநீறும் கசப்பும் ஒரே உடம்பில் இருக்கலாமா என்று கேட்டீர்களே, இருந்திருக்கிறது.

சுந்தரர் உள்ளே வந்து பார்க்கிறார். உடல் கிடக்கிறது. "நானும் இப்படியே" என்று அந்த வாளை எடுக்கிறார். அந்த நொடியில் இறையருளால் கலிக்காமர் உயிர் பெற்று எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். முடிந்தது. மன்னிப்புக் கேட்டார், கொடுத்தார் என்ற பேச்சே இல்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் இல்லை. அவன் சாகப் போகிறான் என்றதும் கை தானாக நீண்டது, அவ்வளவுதான்.

பிறகு இருவரும் சேர்ந்து திருப்புன்கூருக்குப் போகிறார்கள். அங்கே சுந்தரர் பாடிய பதிகத்தில் 'ஏயர்கோன் உற்ற இரும்பிணி தவிர்த்து' என்று ஒரு வரி வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கவனியுங்கள், பிணி போனது என்று பாடுகிறார். சண்டையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதை விரிவாக எழுத முந்நூறு, நானூறு வருடம் கழித்துச் சேக்கிழார் வர வேண்டியிருந்தது. (திருப்புன்கூர் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கம்தான். எல்லோரும் நந்தனாருக்காக விலகிய நந்தியைப் பார்க்கப் போவார்கள். அவர் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்க வேண்டியிருந்ததைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்பது வேறு விஷயம், இன்னொரு நாள்.)

என் கதை சின்னது. கூட வேலை பார்த்த ஒருவர் என்மேல் மொட்டைக் கடிதம் போட்டார். விசாரணை, அலைச்சல், எனக்கு வர வேண்டிய தலைமை ஆசிரியர் பதவி இரண்டு வருடம் தள்ளிப் போனது. பதினொரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. ஒரே கோயிலுக்குப் போவோம், அவர் முன் வாசலில் வந்தால் நான் பின் வாசலில் வெளியேறுவேன். ஒரு நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கண்ணில் கட்டு, கூட மனைவி, இரண்டு பேரும் சிதம்பரம் பஸ் நிற்காத இடத்தில் நின்று சிதம்பரம் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி போய்த் திரும்பி வந்து, "அந்தப் பக்கம் நிற்கணும்" என்றேன். அவர் குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நாங்கள் சிநேகிதர்கள் ஆகவில்லை. ஆனால் பின் வாசல் வழியாகப் போவதை நான் விட்டுவிட்டேன்.

கசப்பை உட்கார்ந்து யோசித்து விட முடியாது என்பது என் அனுபவம். ஏதாவது ஒரு காரியத்தில் கை முந்திக்கொள்ள வேண்டும், மனசு பின்னால் வரும். வராமலும் போகலாம்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் பந்தியில் அப்படிச் சொன்னது அநியாயம். ஆனால் சங்கிலி ஆபரேஷனுக்குப் போனது அவருக்கு இன்றுவரை தெரியாது, இல்லையா? சீட்டை ஏழு வருடமாக வீசுவதற்கு வைத்திருக்கிறீர்கள். காட்டுவதற்கு ஒரு நாளாவது வைத்திருந்தீர்களா?

நித்யா, கோவை:

வாத்தியார் ஐயா அழகாகச் சொன்னார், ஆனால் எனக்கு ஒரு எரிச்சல் இருக்கிறது. அந்தக் கதையில் கலிக்காமரின் மனைவி எங்கே?

அவர் மானக்கஞ்சாறர் மகள். கல்யாணத்தன்று ஒரு மாவிரதியார் (சைவத் துறவி) கேட்டார் என்று அப்பா கூந்தலை அடியோடு அரிந்து கொடுத்தாரே, அந்தப் பெண். கூந்தல் திரும்ப வளர்ந்தது, சரி. அப்புறம் புருஷன் ஒரு வைராக்கியத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். இவரும் கூடவே உயிரை விடத் தயாராகிறார். அந்த நேரம் பார்த்து சுந்தரர் வாசலுக்கு வந்துவிட்டார் என்கிறார்கள். உடனே யாரும் அழக் கூடாது என்று சொல்லிவிட்டு, விளக்கு ஏற்றி எதிர்கொண்டு அழைக்க ஏற்பாடு செய்கிறார். புருஷன் உள்ளே தூங்குகிறார் என்று சொல்லச் சொல்கிறார். இரண்டு பெரிய மனிதர்கள் சமாதானம் ஆகிற வரை அழுகையை அடக்கிக்கொண்டு விருந்தாளியைக் கவனித்தது யார்?

மாயவரத்து அக்கா, நீங்கள் ரசம் ஊற்றியதைப் படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். அந்த வரிசையில் இருபது பேர் நிமிராமல் சாப்பிட்டார்களே, அவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா? எல்லாவற்றையும் அண்ணன் கணக்கிலேயே எழுதிவிட்டீர்களா? சித்தப்பா ஒருவர் "ஏன்டா, இந்த நேரத்தில் என்ன பேச்சு" என்று கேட்டிருந்தால் இந்த ஏழு வருடம் இருந்திருக்குமா?

பங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிப்பார்கள் என்பதற்காக. அம்மா பெயரில் உள்ள சொத்து, உயில் எழுதாமல் அவர் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமம்தான். ரோஷத்தில் போட்ட கையெழுத்தும் பதிவாகிவிட்டால் கையெழுத்துதான். பக்தி, மன்னிப்பு என்பதெல்லாம் பத்திரத்துக்கு வெளியே. மன்னித்துவிட்டும் பங்கு கேட்கலாம், பெண்களே.

பழைய வாத்தியார்:

நித்யா சொல்வது சரி. முப்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அந்த அம்மையாரைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போயிருக்கிறேன்.

மாயவரத்துக்காரி:

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். ஐயா கேட்ட கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். நிஜமாகவே. பிறகு நித்யா எழுதியதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் அழக் கூடாது என்று அந்த அம்மாள் சொன்ன இடம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது வருடமாக ஓதுகிறேன், பாருங்கள்.

சித்தப்பா மேல் கோபம் இருக்கிறது. இப்போதுதான் கண்டுபிடித்தேன். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிவிட்டது, அதனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேற்று அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள், நலங்குப் புடவை நிறம் கேட்க. பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன்: "பாட்டி சங்கிலி ஆபரேஷனுக்காக அடகுக்குப் போச்சும்மா. மீட்க முடியலை. என்கிட்ட சீட்டு இருக்கு." வாயால் ஒரு மனுஷியிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பாவுக்குத் தெரியுமா அத்தை?" என்றாள். தெரியாது என்றேன். "நான் சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம், கல்யாணம் முடியட்டும், நானே சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்லப் போகிறேன் என்று இன்னும் தெரியாது. முகத்துக்கு நேராகப் போட மாட்டேன் என்பது வரைக்கும் தெரியும்.

சீட்டைக் கிழிக்கவில்லை. கிழித்தால் உங்களுக்கெல்லாம் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது கணக்குக் காகிதம், கிழிக்கக் கூடாது. தேவாரப் புத்தகத்திலிருந்து எடுத்து, பீரோவில் கரண்ட் பில், வீட்டு வரி ரசீதெல்லாம் இருக்கிற பையில் வைத்துவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்தபோது அந்த இடம் தானாகவே பிரிந்துகொண்டது, இத்தனை வருடம் அது அங்கே இருந்த பழக்கத்தில். அண்ணன் முகம் வந்தது. ஆனால் மூன்றாவது பாட்டில்தான் வந்தது.

சோழன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. முகூர்த்தத்துக்கு இருப்பேன், பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பேன். சாப்பாட்டு நேரத்தில் யாராவது "அத்தை, கொஞ்சம் பரிமாறுங்களேன்" என்று கேட்டால் அப்பளம் போடுவேன், பாயசம் போடுவேன். ரசம் மட்டும் வேறு யாராவது ஊற்றிக்கொள்ளட்டும்.